குடிபெயர்ந்த வீட்டின் முதல் மாதங்கள்: முகவரி, மின்சாரம், ஈரம், மருந்துச் சீட்டு

வீடு பார்க்கப் போனால் இந்த நாட்டில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பார்கள். வங்கிக்குப் போனால் முகவரிச் சான்று எங்கே என்பார்கள். முகவரிச் சான்றுக்கு வீடு வேண்டும். குடும்பத்தோடு புது நாட்டில் இறங்குபவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் வட்டம் இது. உடைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பதவி, சம்பளம், இப்போது தங்கியிருக்கும் முகவரி மூன்றும் எழுதிய கடிதத்தை வேலை தரும் நிறுவனத்திடம் கையெழுத்தோடு வாங்கிக்கொள்வது. சில வங்கிகள் அதையே சான்றாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, முதல் ஓரிரு மாதத்துக்கு எடுக்கும் தற்காலிக வீட்டின் முகவரியில் அரசுப் பதிவு செய்துகொள்ளலாமா என்று முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது. குறுகிய கால வீடுகள் பலவற்றில் அதற்கு அனுமதி தரமாட்டார்கள். பதிவு கட்டாயமான நாட்டில், அப்படிப்பட்ட வீட்டில் போய் உட்கார்ந்தால் வரி எண், மருத்துவ அட்டை, பள்ளி இடம் என்று எல்லாமே வரிசையாகத் தள்ளிப்போகும்.

வாடகை ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். மின்கட்டணம் ஒருவர் பெயரில் என்றால் இணைய இணைப்பு மற்றவர் பெயரில். வேலைக்குப் போகிறவர் பெயரிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதான் வழக்கம். ஒரு வருடம் கழித்து மற்றவர் ஓட்டுநர் உரிமத்துக்கோ, தனிக் கணக்குக்கோ விண்ணப்பிக்கப் போனால், அந்த முகவரியில் அவர் வாழ்கிறார் என்று சொல்ல ஒரு காகிதம்கூட இருக்காது. முதல் வாரத்தில் பத்து நிமிட வேலை. பிறகு மாற்றப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

சாவி வாங்கும் நாளில் மின்சார, தண்ணீர், எரிவாயு மீட்டர்களை வரிசை எண்ணும் அளவும் தெரியும்படி படம் எடுங்கள். சுவர்க் கீறல், குளியலறை மூலைக் கறுப்பு, அடுப்புக் கறை எல்லாவற்றையும் எடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். படம் உங்கள் செல்போனில் மட்டும் இருந்தால் அது என்றைக்கு எடுத்தது என்ற வாதம் வரும். மின்னஞ்சலில் தேதி நிற்கும்.

அடுத்தது பெயர். தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்திருப்பவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் ஒரு தொல்லை. காலியாக விட்டால் படிவம் நகராது. அதிகாரி தன் போக்கில் எதையாவது நிரப்புவார். விசாவிலோ வசிப்பு அட்டையிலோ பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே எழுத்து, அதே வரிசையில் வங்கி, பள்ளி, காப்பீடு எங்கும் கொடுங்கள். அட்டையிலேயே தவறு இருந்தால், மற்ற எதையும் தொடங்கும் முன் அதைத் திருத்துங்கள். தேதியிலும் இதே சிக்கல் உண்டு: 04/07 என்பது ஓரிடத்தில் ஜூலை 4, வேறிடத்தில் ஏப்ரல் 7. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமில்லை.

திருமணச் சான்றுக்கும் குழந்தைகளின் பிறப்புச் சான்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்று உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டு அரசு போடும் முத்திரை, கேட்கும் நாடுகள் நிறைய. 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே பொதுவாக இந்த ஒற்றை முத்திரை போதும். சேராத நாடு என்றால் அதன் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் இது நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஐந்து வருடம் முன்பு போனவர் சொல்லும் யோசனை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். முத்திரையைச் சான்று வழங்கிய நாட்டில்தான் வாங்க முடியும் என்பதால் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டும். மொழிபெயர்ப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையில் உள்ள வாசகத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லும் அலுவலகங்கள் உண்டு. தங்கள் நாட்டில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததை மட்டுமே ஏற்பவையும் உண்டு.

வீட்டுக்குள் வருவோம். அடாப்டர் மின்செருகியின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இது தெரியாமல் எரிந்துபோன மிக்சிகள் ஏராளம். சார்ஜரின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அடாப்டர் போதும். 230 வோல்ட் மட்டும் போட்டிருக்கும் இஸ்திரிப் பெட்டியை 120 வோல்ட் நாட்டில் செருகினால் எரியாது, ஆனால் சூடே ஏறாது: வோல்டேஜ் பாதியானால் வெப்பம் கால்வாசிதான். 1000 வாட் பெட்டி அங்கே ஏறக்குறைய 270 வாட்தான் தரும். தலைகீழாக, 120 வோல்ட் கருவியை 230இல் செருகினால் ஒரு நொடியில் புகை. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாம்தான். ஆனால் 750 வாட் மோட்டாருக்கு, கிளம்பும்போது அது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தையும் சேர்த்து, 1500 வாட் அளவுள்ளது வேண்டியிருக்கும். செங்கல் மாதிரி கனக்கும், இரைச்சலும் போடும். எங்கள் தீர்ப்பு: மோட்டாரும் சூடேற்றும் கம்பியும் உள்ள எதையும் பெட்டியில் ஏற்றாதீர்கள். பாத்திரங்களை ஏற்றும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாதது இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது; போகும் வீட்டில் அந்த அடுப்புதான் என்றால் அலுமினியம், பித்தளை, செம்பு எல்லாம் அலங்காரத்துக்குத்தான்.

குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் அதிகம் தவறுவது ஜன்னல் விஷயத்தில். வெப்பநாட்டு வீட்டில் ஈரம் தானே வெளியேறிவிடும். சூடேற்றிய, இறுக மூடிய வீட்டில் நான்கு பேர் மூச்சு, குளியல், சமையல், உள்ளே காயும் துணி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வரை நீராவியைக் காற்றில் விடும். அறை 20 டிகிரியில், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியில் அந்த ஈரம் நீராகவே வழியும். அதற்கும் முன்பே, வெளிச்சுவரின் உள்பக்கம் 15 டிகிரியை ஒட்டி இறங்கினாலே அங்கே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அலமாரிக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், திரைச்சீலை மறைக்கும் மூலையில். பார்வைக்கு வரும்போது வால்பேப்பரே உரிந்திருக்கும். பழி குடியிருப்பவர் மேல் விழும், முன்பணத்தில் பிடிப்பார்கள்.

செய்ய வேண்டியது இது. எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. அந்த நேரம் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். காற்று முழுதாக மாறிவிடும், சுவரின் சூடு அப்படியே நிற்கும். நாள் முழுக்க ஜன்னலை விரற்கடை அளவு திறந்து வைப்பதால் சுவர்தான் குளிர்கிறது, பூஞ்சைக்கு அது வசதி. அலமாரியைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். முள் 40க்கும் 60க்கும் நடுவே நிற்க வேண்டும். செலவு மிச்சம் என்று யாரும் படுக்காத அறையின் ஹீட்டரை அடியோடு அணைக்காதீர்கள். மற்ற அறைகளின் ஈரமெல்லாம் அங்கேதான் போய் ஒதுங்கும்.

கெட்டிலில் வெள்ளைப் படிவு கட்டினால் அது சுண்ணாம்பு அதிகமுள்ள கடினநீர். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து அரை மணி நேரம் விட்டால் போதும். கொதிக்க வைக்காதீர்கள், சூட்டில் அது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத வேறொரு படிவாக மாறிவிடும்.

மருந்து. நீண்டகால மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் வணிகப் பெயர் இல்லாமல், மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் எழுதிய சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சில வேளை மூலப்பெயரே மாறும்: பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென், சால்ப்யூட்டமாலுக்கு அல்ப்யூட்டரால். சளி மருந்தில் ஒரு பெயரும் காய்ச்சல் மாத்திரையில் இன்னொரு பெயருமாக ஒரே மருந்தை இரட்டை அளவில் விழுங்குவது இப்படித்தான் நடக்கிறது. சர்க்கரை அளவைச் சில நாடுகளில் மில்லிமோலில் சொல்வார்கள். மில்லிகிராமில் உள்ள பழைய எண்ணை 18ஆல் வகுத்தால் புது எண் வரும்; 126 என்பது அங்கே 7. ஏழுதானே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

தடுப்பூசி அட்டை இல்லாத குழந்தைக்குப் போட்ட ஊசியையே மறுபடி போடச் சொல்வார்கள், ஆகவே அட்டை கைப்பையில் வரட்டும். பிசிஜி எனும் காசநோய்த் தடுப்பூசி போட்ட குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கையின்போது காசநோய்த் தோல் பரிசோதனை செய்தால், நோய் இல்லாமலே பரிசோதனை ஊசி போட்ட இடம் தடிக்கலாம். இக்ரா எனும் ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் கிடையாது; முதலிலேயே அதைக் கேளுங்கள்.

பழைய செல்போன் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை, உரிமம் வாங்கிய நாட்டிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மொழி தெரியாத வகுப்பில் குழந்தை சில மாதம் வாயே திறக்காமல் இருப்பதுண்டு. அது கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் காலம். ஆசிரியரிடம் பேசுகிறானா என்று கேட்பதைவிட, சொன்னதைச் செய்கிறானா என்று கேளுங்கள். விளையாட்டுப் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக மொழிக்கு ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகும். இரண்டாம் வருடமே சரளமாகப் பேசுகிறானே என்று மொழி உதவி வகுப்பை நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. பள்ளிக்காக வீட்டிலும் பெற்றோர் தங்களுக்குச் சரியாக வராத மொழிக்கு மாறத் தேவையில்லை. அது குழந்தைக்குக் கிடைக்கும் சொற்களைத்தான் குறைக்கும். ஆனால் வீட்டில், தாய்மொழியிலும் பேச்சு குறைந்திருந்தால் அதை மொழிப் பிரச்சினை என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள்.