தரை அணிலுக்காக மூன்று டப்பா மருந்து: என் .223 அனுபவம்

ஐந்தரை மணி நேரம் கார் ஓட்டிப்போய், ஒரு தோட்டாகூடச் சுடாமல் அதே ஐந்தரை மணி நேரம் திரும்பி ஓட்டி வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சாக்ரமெண்டோவிலிருந்து கலிஃபோர்னியாவின் வடகிழக்கு மூலை, மோடாக் கவுண்டி, ஆல்டூரஸ் பக்கம் ஒரு குதிரைமசால் பண்ணை. ஏப்ரலில் தரை அணில்கள் வளையை விட்டு வெளியே வந்து தளிரை மொட்டையடிக்கும். பண்ணைக்காரர் என் அலுவலக நண்பரின் மாமனார், எத்தனை வேண்டுமானாலும் சுட்டுக்கொள் என்று சொல்லியிருந்தார். நானும் குளிர்காலம் முழுக்க கராஜில் உட்கார்ந்து, பித்தளைக் கூட்டில் பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, மேலே புல்லட் என்று வைத்து 200 தோட்டா கட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஹார்னடி வி-மேக்ஸ் 55 கிரெய்ன் (புல்லட்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறு எடை அளவு) புல்லட், எச்335 மருந்து. (வெடிமருந்தை ஊரில் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் மருந்து என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அதுவே வாயில் வருகிறது.) என் துப்பாக்கியின் தோட்டா அளவான .223-க்கு யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் ஜோடி அது. தேர்வு செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ரேஞ்சில் நூறு கஜத்தில் அழகாக ஒன்றாக விழுந்தது, சரி, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

பெரியவர் வண்டிப் பின்பக்கம் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். "இதில் ஈயம் இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். மூடியைச் சாத்திவிட்டார்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வனவிலங்கைத் துப்பாக்கியால் வேட்டையாடினாலும் ஈயமில்லாத புல்லட்தான். சட்டம் போட்டது 2013-இல், ஆறு வருடம் அவகாசம் கொடுத்தே கொண்டுவந்தார்கள், ஆகவே தெரியாது என்று சொல்ல எனக்கு வாயே இல்லை. நான் போட்ட கணக்கு வேறு: தரை அணிலுக்கு சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, ஆகவே இந்தச் சட்டமும் மான், பன்றி சுடுகிறவர்களுக்குத்தான் என்று. தப்பு. வேட்டை லைசென்ஸும் வேண்டும், ஈயமும் கூடாது. பெரியவர் வேலியைக் காட்டினார். கம்பத்துக்கு ஒன்றாகப் பருந்துகள் உட்கார்ந்திருந்தன. சுட்ட அணிலைத் தூக்கிப்போய்த் தின்கின்றன, ஈயத் துணுக்கும் சேர்ந்தே உள்ளே போகிறது என்றார். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பறந்து ஓடாமல் பக்கத்தில் வந்து உட்காரும் பறவைகளைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன்.

காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

திரும்பி வந்ததும் ஆத்திரத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். ஈயமில்லாத புல்லட் என்று தேடி, முழுச் செம்பில் செய்த 55 கிரெய்ன் ஒன்றை வாங்கினேன். அதே எடை, அதே துப்பாக்கி, என்ன ஆகிவிடும்? என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ரெமிங்டன் 700. குழலின் முறுக்கு (புல்லட்டைச் சுழலவைக்க உள்ளே சுருளாக வெட்டிய பள்ளம்) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இந்த முறுக்கு எவ்வளவு எடையைத் தாங்கும் என்றுதான் எல்லாரும் பேசுகிறோம், ஆனால் குழல் எடையைப் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் பார்க்கிறது. செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே 55 கிரெய்னுக்குச் செம்பு புல்லட் நீளமாகிவிடும். நீளமானதை நிலையாகப் பறக்கவைக்க வேகமான முறுக்கு வேண்டும். என் 12 அங்குல முறுக்கில் அது தள்ளாடிக்கொண்டே போய், காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் படுத்து நுழைந்த நீளக் கிழிசல்கள் விட்டது. ஐந்து சுட்டேன், மூன்றுதான் பலகையிலேயே பட்டது. பக்கத்து மேசைக்காரர் எழுந்துவந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அது இன்னும் மோசம்.

அது நேராகப் பறந்திருந்தாலும் அணிலுக்கு ஆகாது என்பது பிறகுதான் உறைத்தது. மான் வேட்டைக்கான செம்பு புல்லட் உடையாமல் உள்ளே இறங்குவதற்காகச் செய்தது. அணில் மாதிரிப் பயிரைத் தின்னும் சிறு பிராணிகளைச் சுடும் வார்மிண்ட் புல்லட்டுக்கு நேரெதிர் வேலை: தொட்டவுடன் பொடியாக வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த தரையில் பட்டுத் தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது, சுற்றிலும் மாடுகள், பம்ப் செட், வீடு.

ஆக எனக்கு வேண்டியது ஈயமில்லாதது, நீளம் குறைந்தது, பொடியாவது. அப்படித் தேடினால் 35, 36 கிரெய்ன் வட்டாரத்தில்தான் வந்து நிற்கும்: ஹார்னடியின் என்டிஎக்ஸ், பார்ன்ஸின் வார்மிண்ட் கிரனேட், நாஸ்லரின் ஈயமில்லாத பாலிஸ்டிக் டிப். பார்ன்ஸ் 36 கிரெய்ன் கிடைத்தது, வாங்கினேன். செம்பும் தகரமும் பொடியாக அழுத்திய உள்ளீடு, பட்டால் தூள். இந்த ஒரு முடிவை ஜனவரியிலேயே எடுத்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

இப்போது மருந்து. எச்335-ஐ ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். மிச்சமிருந்த ஈயத் தோட்டாக்களை மே மாதம் ரேஞ்சில் காகிதத்தின் மேல் சுட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், பெட்டி திறந்தபடி மேசையில் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு சுட்ட பிறகு போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடும் தாழ்ப்பாள்) தூக்க வரவில்லை, உள்ளங்கையால் தட்டித் தூக்க வேண்டியிருந்தது. பிரைமர் தட்டையாகிப் போயிருந்தது, இரண்டும் உள்ளே அழுத்தம் எகிறியதன் அடையாளம். அதே தோட்டா ஜனவரிப் பனிமூட்டத்தில் பூப்போலத் திறந்தது. எச்335 உருண்டை மணி மருந்து, அந்த வகை பொதுவாக வெப்பத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எகிறும், நானோ குளிரில் மேல் எல்லைக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்ததை வெயிலில் வேகவைத்துச் சுட்டிருக்கிறேன். மருந்து மேல் பழி இல்லை, எச்335 மாதிரி அளவைக் குடுவையில் தண்ணீர்போல ஓடும் மருந்து அபூர்வம். ஆனால் அணில் வேட்டையில் குழலும் சூடு, பெட்டியும் வெயிலில், ஒரு காலையில் நூறு இருநூறு சுடுவோம். எனக்கு அந்தப் பயம் வேண்டாம்.

சரி என்று கடைக்குப் போனேன். அங்கே கவுன்டரில் ஒரு இளைஞர். 36 கிரெய்ன் புல்லட், .223, வெப்பத்துக்கு அசையாத மருந்து வேண்டும் என்றேன். கேட்டு முடிப்பதற்குள் வார்கெட் டப்பாவை எடுத்து வைத்தார். "எல்லாவற்றுக்கும் இதுதான்." பெயரிலேயே வார்மிண்ட் இருக்கிறதே, எல்லாரும் அடித்துக்கொள்ளும் சரக்கு அலமாரியில் இருக்கிறதே என்ற குஷியில் வாங்கிவிட்டேன். அருமையான மருந்துதான், கனமான புல்லட்டுக்கு. லேசான புல்லட்டுக்கு அது மெதுவாக எரியும்: கூட்டின் கழுத்துவரை நிரப்பி, புல்லட்டை வைத்து அழுத்தும்போது மருந்து நறநறவென்று நசுங்குகிறது, அப்படியும் வேகம் அளக்கும் க்ரோனோகிராப் நொடிக்கு 3300 அடியைத் தாண்டவில்லை. லேசான புல்லட் எடுத்ததன் லாபமே வேகம்தான், அது போனால் என்ன மிச்சம்?

மறுபடி அதே கடை. இந்த முறை கையேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனேன்: பெஞ்ச்மார்க், இல்லாவிட்டால் எச்322, அதுவும் இல்லாவிட்டால் எச்4198. முதல் இரண்டும் இல்லை. மூன்றாவதைக் கேட்டேன், ஐஎம்ஆர் 4198-ஐ எடுத்து வைத்து, "அதே நம்பர்தானே" என்கிறார்! இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்: எச்4198 வேறு, ஐஎம்ஆர் 4198 வேறு. 4895-க்கும் அதே கதை. நம்பர் ஒன்றானாலும் மருந்து வேறு, ஒன்றின் அளவை மற்றதில் போடக் கூடாது. ஐஎம்ஆர் கெட்ட மருந்து இல்லை, அதற்கான அளவைப் பார்த்துப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் விற்கிறவரே இப்படிச் சொன்னால், புதிதாக வருகிறவர் வீட்டுக்குப் போய் எதைப் போடுவார்? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கடைசியில் ஆன்லைனில் பெஞ்ச்மார்க் ஒரு பவுண்டு. ஹஸ்மத் (ஆபத்தான சரக்கை அனுப்பும்) கட்டணம் டப்பா விலையில் பாதிக்கு மேல். ஒரு டப்பாவுக்கும் அதே கட்டணம், பிரைமரோடு சேர்த்து நாலைந்து டப்பா போட்டாலும் ஏறக்குறைய அதே கட்டணம்தான், ஆகவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆர்டர் போடுங்கள். வாங்கும்போது கையெழுத்துப் போட ஆள் வேண்டும், நான் ஒருநாள் லீவு போட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மறுநாள்தான் வந்தது. ஒரு பவுண்டு 7000 கிரெய்ன், .223-க்கு 250 தோட்டாவுக்கு மேல் கட்டலாம்.

எத்தனை கிரெய்ன் போட்டேன் என்று எழுத மாட்டேன், கேட்காதீர்கள். என் கூடு வேறு, குழல் வேறு. புல்லட் கம்பெனியின் கையேட்டையும் மருந்துக் கம்பெனியின் தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். ராணுவக் கூடு பயன்படுத்தினால் சுவர் தடிமன் காரணமாக உள்ளிடம் குறையலாம், மறுபடியும் கீழிருந்தே. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு விஷயம்: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இல்லாமல் தோட்டாவைத் தொடாதீர்கள், அது கூட்டாட்சிச் சட்டம், விளையாட்டில்லை.

பெஞ்ச்மார்க் மூன்றாவது படியிலேயே செட் ஆகிவிட்டது. 3600 அடிக்கு மேல், நூறு கஜத்தில் ஐந்தும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள். கணக்குப் போட்டால் அந்தச் சின்னத் துண்டு நிமிடத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. வெயிலில் வைத்தும் சுட்டேன், போல்ட் இரண்டு விரலில் திறந்தது.

ஆனால் அதற்குள் ஜூன். குதிரைமசால் முழங்காலுக்கு வளர்ந்துவிட்டது, அணில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்று பெரியவர் போனிலேயே சொல்லிவிட்டார். அடுத்த ஏப்ரலில்தான் போனேன். இந்த முறையும் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார், லேபிளைப் படித்தார், தலையாட்டினார். காலை ஏழிலிருந்து பத்துவரை காற்றே இல்லை, 200 கஜத்துக்குள் வைத்த இடத்தில் பட்டது, ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. பத்துக்கு மேல் காற்று கிளம்பியதும் 36 கிரெய்ன் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. 250 கஜத்தில் வரிசையாக ஆறு தப்பின, ஏழாவதோடு எழுந்துவிட்டேன். வேலிக் கம்பத்தில் பருந்துகள் அதற்கு முன்பே கீழே இறங்கியிருந்தன.

முதலில் கட்டிய 200-இல் இன்னும் 61 இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சில் காகிதத்தைச் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன், பெட்டியை மேசைக்கு அடியில் நிழலில் வைத்து.