சேலத்தில் எந்தக் கடைக்கு எந்த நேரம்?

இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்துத் தருகிற தட்டுவடை செட் சாப்பிட மாலை ஐந்து மணிக்கு முன்னால் போனால் பாதி வண்டி வந்திருக்காது. ஒன்பதுக்கு மேல் போனால் துருவி வைத்த பீட்ரூட் தண்ணீர் விட்டுத் தொய்ந்து கிடக்கும். நடுவில் இருக்கிற நான்கு மணி நேரம்தான் அதற்கு உரியது. சேலத்துச் சின்னக் கடைகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். கடை பெயரை விசாரிப்பதற்கு முன்னால் நேரத்தை விசாரித்துவிடுங்கள்.

செட் கடைகளை அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் தேடுவது நல்லது. அம்மாப்பேட்டையும் குகையும் தறி ஓடும் பகுதிகள். பொழுது சாயும்போது தெருமுனையில் நின்று கொறிக்கிற பழக்கம் அங்கே ஊறிப்போனது. சாரதா கல்லூரி சாலையிலும் அஸ்தம்பட்டியிலும் நாற்காலி போட்ட கடைகள் இருக்கின்றன. உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைத் தவிர செட்டுக்கு அதனால் கூடுதல் ருசி ஒன்றும் வந்துவிடாது.

கடைக்காரரின் கையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இரண்டு அங்குல அகலத் தட்டுவடைகளை ஒரே வீச்சில் தட்டில் பரப்புவார். கரண்டியின் முதுகால் ஒவ்வொன்றிலும் பச்சைச் சட்னியை ஒரு தொடு தொடுவார். மூன்று விரலால் வெங்காயம், கேரட், பீட்ரூட் கலவையை அள்ளிக் குவித்து, சிவப்புச் சட்னி தடவிய இன்னொரு வடையால் மூடி, லேசாக ஓர் அமுக்கு. அந்த அமுக்கில்தான் காய் வடையோடு ஒட்டுகிறது. அதிகம் அமுக்கினால் கீழ் வடை விரிசல் விடும். ஒரு ஜோடியை முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தால் பாதி காய் சட்டையில்தான் விழும். தட்டு கைக்கு வந்து இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் சட்னியின் ஈரம் ஏறி வடை நமத்துவிடும்.

காரம் தாங்காதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அக்கா, ஒரு செட், செவப்பு கம்மியா" என்றால் போதும். சிவப்புச் சட்னியில் காய்ந்த மிளகாயும் பூண்டும்தான் தூக்கல். பச்சை அந்த அளவுக்கு உறைக்காது. முட்டை செட் என்றால் நடுவில் வேகவைத்த முட்டைத் துண்டு இருக்கும். நொறுக்கல் என்றால் தட்டுவடையைக் கையால் உடைத்து, பொரி, காய், இரண்டு சட்னியும் போட்டுப் பிசைந்து தருவார்கள். சீசனில் துருவிய மாங்காய் சேர்த்துக் கேளுங்கள், சட்னியின் காரத்துக்கு அந்தப் புளிப்பு நன்றாக ஈடுகொடுக்கும். பார்சல் வாங்குவதாக இருந்தால் வடை தனி, காய் தனி, சட்னி தனி என்று கட்டச் சொல்ல வேண்டும். சேர்த்துக் கட்டிய செட் வீடு போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும்.

வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் வடையில்தான் கோட்டை விடுகிறார்கள். இரண்டு கப் அரிசி மாவுக்கு, வறுத்து அரைத்த உளுத்தம் மாவு இரண்டு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு, பெருங்காயம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து, சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி, துணியில் மெல்லிசாகத் தட்டி, முள்கரண்டியால் நாலைந்து குத்து குத்துங்கள். குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும். உப்பிய வடையில் காய் நிற்காது. வெண்ணெய் கூடினால் எண்ணெயிலேயே உதிரும். தீ அதிகமானால் வெளியே சிவந்து நடுவில் வேகாமல் நின்று, மறுநாளே நமத்துப்போகும். மிதமான தீயில், எண்ணெயின் சலசலப்பு முழுக்க அடங்கிய பிறகு எடுங்கள். காயில் உப்பை முன்கூட்டியே போடக் கூடாது. உப்பு பட்டதும் தண்ணீர் விடும். துருவிய பீட்ரூட்டை ஒருமுறை பிழிந்து, கடைசியில்தான் வெங்காயத்தோடு சேர்க்க வேண்டும். சட்னி இரண்டும் கரண்டியில் நிற்கிற பதத்தில் இருக்கட்டும், வழிந்தால் தண்ணீர் அதிகம்.

மெஸ்ஸுக்குப் பகல் பன்னிரண்டரை. குடல், தலைக்கறி, ரத்தப் பொரியல் மூன்றையும் காலையில் ஒரே ஈடாகச் சமைக்கிற கடைகளே அதிகம், தீர்ந்தால் மறுபடி வைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மேல் போய்க் குடல் கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். இலையில் உட்கார்ந்ததும் முதலில் வறுவல் எது இருக்கிறது என்று கேட்டு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, சோற்றை அப்புறம் வாங்குங்கள்.

காலை இட்லி வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துணி போட்டு அவிக்கிற வண்டியாகப் பார்த்து ஒன்பதுக்குள் போய்விடுங்கள், வெயில் ஏற ஏற மாவு புளித்துவிடும். கோடையில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை கம்மங்கூழ் வண்டிகள் நிற்கும். மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஏழரைக்கு மேல் பரோட்டாக் கடை. இங்கே பரோட்டாவுக்குத் துணையாகக் கேட்க வேண்டியது பள்ளிபாளையம் சிக்கன். பள்ளிபாளையம் இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997இல் நாமக்கல் பிரியும் வரை அது சேலம் மாவட்டம்தான். இந்தச் சிக்கனில் மசாலாத்தூள் சேராது என்பதுதான் முக்கியம். அரைக் கிலோ எலும்போடு சின்னதாக வெட்டிய கோழிக்கு நூற்றைம்பது கிராம் சின்ன வெங்காயம், விதை உதிர்த்த காய்ந்த மிளகாய் பன்னிரண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, தேங்காய்ப் பல் ஒரு கைப்பிடி. விதையை உதிர்க்காமல் போட்டால் காரம் மட்டும் தொண்டையைப் பிடிக்கும், மிளகாயின் வாசம் வராது. தண்ணீரும் ஊற்றக் கூடாது. கோழி விடுகிற நீரிலேயே மூடி வைத்து வேக வேண்டும். தட்டில் சிவந்த கிரேவி வந்தால் அது வேறு எதுவோ, பள்ளிபாளையம் இல்லை.

ஏற்காட்டுக்கு ஏறினால் கணக்கு மாறும். இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் சோறும் வேக நேரம் பிடிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அவசரப்படுத்தினால் அரைவேக்காடுதான் வரும். ஏரிப் பக்கத்து மிளகாய் பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுக்கும்போதே வாங்குங்கள். பனி இறங்கும் நேரத்தில் தட்டில் குவித்து வைத்த பஜ்ஜி ஐந்து நிமிடத்தில் தோல் தளர்ந்துவிடும்.

1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காபிச் செடி வந்தது. தோட்டம் பக்கத்திலேயே இருந்தாலும் எல்லாக் கடையிலும் மலைக்காபி ஊற்றுவதில்லை. "இது ஏற்காட்டுத் தூளா, சிக்கரி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுக் காபி சொல்லுங்கள். டிகாக்ஷன் பழசாக இருக்கும் என்பதால் மதியத்துக்கு மேல் போனால், புதுசாக இறக்கியதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.