பொன்னாடை போதும், டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பொன்னாடைகள் ஒரு பீரோ தட்டு நிறைய இருக்கின்றன. சுதந்திர தினத்துக்கு ஒன்று, குடியரசு தினத்துக்கு ஒன்று, தேர்தல் வருடம் என்றால் கட்சிக்கு ஒன்று. பெரியம்மா அதில் ஒன்றைக் கிரைண்டருக்கு உறையாகப் போட்டிருக்கிறார். "சரிகை குத்துதும்மா, போத்திக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல" என்பார்.

வேலூர்ப் பக்கத்து ஊர்களில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு அபூர்வம். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் என்பது ஊரறிந்த கதை. லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. காய்கறிப் பையோடு அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். தலையை எண்ணியவர்கள் பெயரை எழுதவில்லை.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம் என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்றது அன்றைக்குத்தான். அந்த நாளை 2016-இலிருந்து அனுசரிக்கிறார்கள். நமக்கு அது போகியாகவோ பொங்கலாகவோ வந்துவிடுகிறது. பானை, கரும்பு, மஞ்சள் கொத்து என்று ஓடுகிற நாளில் கரியப்பாவை யார் நினைப்பார்கள்? ஆனால் யோசித்துப் பார்த்தால் இதைவிடத் தோதான நாள் கிடையாது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஸ்மார்ட்போனோடு ஊரில் இருக்கிற நாள் அது.

போகியிலிருந்தே ஆரம்பிக்கலாம். பழையதைக் கழிக்கிறேன் என்று மருமகள்கள் பரணைக் காலி செய்வார்கள். அங்கே கறுப்பு பெயின்ட் அடித்து, வெள்ளையில் பெயரும் நம்பரும் எழுதின ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே பூச்சி அரித்த கம்பளி, அதற்கு அடியில் பழுப்பேறிய காகிதங்கள். தயவுசெய்து அதில் ஒரு தாளைக்கூட நெருப்பில் போடாதீர்கள். பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் அதில்தான் இருக்கும். பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணையும் அதில்தான் இருக்கும். வீட்டுக்காரம்மாவின் பெயர் பட்டாளத்துப் பதிவில் எப்படி ஏறியிருக்கிறது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

அந்தப் பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா நாயக்காக, அதாவது சிப்பாய்க்குச் சற்று மேலான பதவியில், ரிட்டயர் ஆனவர். பதினைந்து வருடம் முடித்தால் அந்தக் காலத்துச் சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு என்பதால், முப்பத்தைந்து நாற்பது வயதிலேயே வெளியே வந்துவிடுவார்கள். அப்புறம் பெரும்பாலும் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்கிற இரண்டாவது வேலை. அப்பாவும் அப்படித்தான். அவர் இறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். பட்டாளத்துப் பதிவில் அம்மா 'பட்டம்மாள்'. ஆதாரில் 'பட்டு'. பிறந்த தேதி ஒன்றில் கிடையவே கிடையாது, இன்னொன்றில் யாரோ உத்தேசமாகப் போட்ட ஜனவரி 1. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. ஒரு மேசையில் "இதெல்லாம் அவர் உயிரோட இருக்கும்போதே மாத்தியிருக்கணும்மா" என்றார்கள். எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த ஆள் சொன்னது சரி. பட்டாளத்துக்காரரே கையெழுத்துப் போட்டு, பதிவுகளை வைத்திருக்கிற ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி, மாற்றவேண்டியதை மாற்றுவது எவ்வளவோ சுலபம். அவர் போன பிறகு அதே திருத்தத்துக்கு அபிடவிட், சாட்சி, தாசில்தார் அலுவலகம் என்று வரிசை நீண்டுவிடுகிறது.

பிறந்த தேதி விஷயத்தையும் லேசாக விடாதீர்கள். 80 வயது நிறைந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறைத் தொட்டால் இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற அம்மாக்களுக்கும் இது உண்டு. தேதியே பதிவில் இல்லாவிட்டால் எந்த வருடம் கூட்டித் தருவது?

அதனால்தான் பொங்கல் லீவில் என் லேப்டாப் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். முதலில் பெரியப்பா வந்தார், அவர் சொல்லி மேலத்தெருக்காரர் வந்தார், இப்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்தும் வருகிறார்கள். ஸ்பர்ஷ் என்று பென்ஷனுக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. அதில் நுழைந்து மனைவி பெயர், தேதி, நாமினி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று கொடுக்க வேண்டும். கழனி வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களின் விரலை மெஷின் ஏற்றுக்கொள்ளாது. இப்போது முகத்தைக் காட்டியே போனில் முடித்துவிடலாம். "கண்ணைச் சிமிட்டுங்க பெரியப்பா" என்றால் அட்டென்ஷனில் நிமிர்ந்து, விறைப்பாகச் சிமிட்டுவார். இ.சி.ஹெச்.எஸ். மருத்துவ அட்டை கணவருக்கு இருந்து மனைவிக்கு எடுக்காமலே விட்டிருக்கிற வீடுகளும் உண்டு. மிலிட்டரி கேன்டீன் கார்டு மட்டும் எல்லோரிடமும் பளபளவென்று தயாராக இருக்கும். காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

ஓ.டி.பி. வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமல்லவா, அப்போதுதான் பேச்சு வருகிறது. மேடையில் மைக்கைக் கொடுத்தால் பெரியப்பா "ஜெய்ஹிந்த்" மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். திண்ணையில் அப்படியில்லை. அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பட்டாளத்து எஞ்சினியர் பிரிவுக்காரர். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், பசந்தர் ஆற்றங்கரையில் டாங்குகள் கடப்பதற்காகக் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வழி திறந்த 9-ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட்டில் இருந்தவர். அந்தச் சண்டையில்தான் இருபத்தொரு வயது அருண் கேதர்பால் உயிர் கொடுத்தார்; இறந்த பிறகு அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். பெயரைக் கேட்டால் பெரியப்பா தலையை மட்டும் ஆட்டுவார். குளிரைப் பற்றித்தான் நிறையப் பேசுவார். விரல் மரத்துப்போனால் மண்ணுக்குள் இருப்பது கல்லா வேறெதுவுமா என்று தெரியாதாம். பேரன், அந்தப் போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார் மெடலின் ரிப்பனைத் தடவிக்கொண்டே "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்றான். நான் அவன் தொடையில் கிள்ளினேன். பெரியப்பா கோபப்படவில்லை, "நான் சுட்டதவிடத் தோண்டுனதுதான்டா அதிகம்" என்றார். பிள்ளைகளுக்கு நான் சொல்லிவைத்திருக்கிறேன்: எங்கே தூங்கினீங்க, என்ன சாப்பிட்டீங்க, வீட்டுக்குக் கடிதம் யார் எழுதிக் கொடுத்தாங்க என்று கேளுங்கள். அதற்கெல்லாம் பதில் மணிக்கணக்கில் வரும்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு விண்ணப்பம். குடியரசு தினத்துக்கு இவர்களைக் கூப்பிடுகிறீர்களே, முதலில் நாற்காலி போடுங்கள், அதுவும் நிழலில். எழுபத்தைந்து வயதுக்காரரை வெயிலில் நிறுத்தி மூன்று நடனம் பார்க்கவைப்பது மரியாதையில் சேராது. கூடவே அவர் வீட்டுக்காரம்மாவையும் கூப்பிடுங்கள். கணவர் எல்லையில் இருந்த வருடங்களில் மாமியாரையும் மாட்டையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டது அந்த அம்மாதானே. தலைமையாசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு பொன்னாடை வந்துவிட்டது, அது வேறு கதை.

இந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டு வேலை பாதியில் நிற்கிறது. பெரியம்மாவின் பெயரைச் சரிசெய்தாயிற்று. கல்யாணத் தேதி கேட்கிறார்கள். பத்திரிகை அடிக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. இரண்டு மாத லீவில் வந்து, கோயிலில் தாலி கட்டி, திரும்ப ரயிலேறிய கல்யாணம். ஆவணி என்கிறார் பெரியம்மா. ஆனியிலேயே லீவு முடிந்துவிட்டது என்கிறார் பெரியப்பா. நம்ம கல்யாணம் ஆனியில் இல்லவே இல்லை என்று பெரியம்மா ஒவ்வொருவராக உறவுக்காரர்களைச் சாட்சிக்கு இழுக்கிறார். டிஸ்சார்ஜ் புக்கில் தேதி இருக்கலாம், ஆனால் அந்தப் பக்கத்தில் டீ கொட்டியிருக்கிறது. ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம் என்று கடிதம் தயார் செய்துவிட்டேன். பெரியப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதில் ஆவணி என்று வந்துவிடுமோ என்று யோசிக்கிறார் போலிருக்கிறது.