சாளைப் பட்டறை நாட்குறிப்பு: கார்த்திகை முதல் மாசி வரை

நவம்பர் 23, 2025, ஞாயிறு

எங்கள் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஞாயிறுதோறும் இரும்பு அடிக்க வைத்திருக்கும் பட்டறைக்குப் பட்டறைக்கல் (இரும்பை வைத்து அடிக்கும் கட்டி) ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தண்டவாளத் துண்டு இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் முகம் மாறிவிடும். மாறத்தானே வேண்டும்! ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று 1966-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். வீடியோவில் வெள்ளைக்காரர் தண்டவாளத்தின் மேல் வைத்து அடிக்கிறார் என்பதற்காக நாமும் அதையே தேடி அலைய வேண்டியதில்லை.

நான் வாங்கி வந்தது ஏதோ ஆலையில் கழித்துப்போட்ட ஷாப்ட்டின் துண்டு. 6 அங்குல விட்டம், 10 அங்குல உயரம், எடை 36 கிலோ சொச்சம். கடையிலேயே கிரைண்டர் வைத்துப் பொறியைப் பார்த்தேன். சாதா கம்பியில் பொறி நீளக் கோடாகப் போய் அடங்கிவிடும். இதில் நுனியில் கிளை விட்டு வெடித்தது. கரிமம் ஓரளவு இருக்கிறது, சுத்தியல் பட்டுப் பட்டுக் குழி விழாது. படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கப் போகிறேன். அடி விழுகிற இடத்துக்கு நேர் கீழே முழு எடையும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கொம்பும் வாலும் வைத்த சீமைக் கல்லை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவது எனக்கு ஆடம்பரமாகத்தான் தெரிகிறது. நம் பக்கத்து ஆசாரிமார் தரையில் புதைத்த ஒரு கட்டி இரும்பை வைத்துத்தான் ஏர்க்கொழுவிலிருந்து வண்டிப் பட்டை வரை அடித்தார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

மாமன் தோட்டத்தில் விழுந்த புளியமரத்தின் அடிமுண்டைக் கொண்டுவந்து இரண்டடி ஆழத்துக்குப் புதைத்தேன். நிமிர்ந்து நின்று விரலை மடக்கிக் கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி எங்கே வருகிறதோ, அங்கே கல்லின் முகம் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோள் போகும், தாழ்ந்தால் இடுப்பு போகும். உட்கார்ந்து அடிக்கிற நம் ஊர் முறைதான் உத்தமம், ஆனால் வாரம் ஆறு நாள் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

கல்லுக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஆற்று மணல், இடுப்பில் ஒரு சுற்றுப் பழைய சங்கிலி. ணங் என்று எட்டூருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது டொக் என்று அடங்கிவிட்டது. தொண்டுபட்டியில் கட்டியிருக்கும் காங்கேயம் கிடாரி இப்போது தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சென்னிமலை ரோட்டோரம் இன்னும் உலை ஊதுகிற ஒரே பட்டறைக்கு இன்று போய் உட்கார்ந்திருந்தேன். ஆசாரியாருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் காளைக்கு லாடம், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை, ஏருக்குக் கொழு. இப்போது வருவதெல்லாம் இளநீர் வெட்டுகிற அருவாளும் தேங்காய் உரிக்கிற பாரையும்தான்.

பட்டறை முழுக்க ஒரே இருட்டு. மேற்கே இருக்கிற ஒற்றைச் சன்னலையும் கோணிச்சாக்கு போட்டு மறைத்திருக்கிறார். ஏழ்மை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கேட்டதற்குச் சிரித்தார்.

“ஏனுங் தம்பி, வெயில்ல காச்சுனா இரும்போட நெறம் எப்படீங் தெரியும்? நெறந்தானுங் நமக்கு மீட்டரு. நீங்க களத்துல உலைய வெச்சுட்டு இரும்ப எரிச்சுப்போட்டு, இரும்பு சரியில்லீன்னு சொல்லுவீங்.”

யோசித்தால் அவ்வளவும் நியாயம். 750 டிகிரியில் இருக்கிற இரும்பு இருட்டில் நல்ல செக்கச்செவேல். அதே இரும்பு பட்டப்பகல் வெயிலில் கருப்பாகத்தான் தெரியும். சிவக்கவில்லையே என்று இன்னும் ஊதுவோம். வெயிலில் அது கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறபோது உள்ளே ஆரஞ்சைத் தாண்டியிருக்கும். கரிமம் கூடின எஃகு அந்தச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால் உள்மணி (எஃகுக்குள் இருக்கும் நுண்பரல்) பருத்துவிடும், அப்புறம் வளைவதற்குப் பதில் ஒடியும்.

கிளம்பும்போது அடுத்த தடவை ஒரு கட்டு வெற்றிலை வாங்கிவரச் சொன்னார். குருதட்சணை அவ்வளவுதான் போலிருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

கிரைண்டரா, டிரில்லிங் மெஷினா என்று யோசித்து வைத்திருந்த காசெல்லாம் தகரத்துக்குப் போயிற்று. கொட்டகையின் தெற்கும் மேற்கும் அடைத்து உள்பக்கம் கருப்பு அடித்தாயிற்று. கிழக்கு திறந்தே இருக்கும். வடக்கே கூரைக்குக் கீழே ஒரு முழ இடைவெளி விட்டிருக்கிறேன். இருட்டு வேண்டும் என்பதற்காகப் புகையை உள்ளே பூட்டி வைக்க முடியாது. கரி எரிகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழி இல்லாத அறையில் உலை வைக்கவே கூடாது.

பொழுதோட பற்றவைத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பு, செர்ரிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரிகிறது. இதுவரை இந்தப் பட்டறைக்குச் செய்ததில் இதுதான் பெரிய வேலை. தகரத்தை யாரும் படமெடுத்துப் போடப் போவதில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

உலையையும் மாற்றிக் கட்டினேன். லாரி பிரேக் டிரம்மில் அடியிலிருந்து காற்று வருகிற மாதிரி இருந்ததை எடுத்துவிட்டு, செம்மண்ணும் சாம்பலும் குழைத்துப் பள்ளம் கட்டி, பக்கவாட்டில் குழாய் விட்டேன். கிட்டம் என்கிற கசடு அடியில் போய் உறைகிறது, குழாய்வாய் அடைபடுவதில்லை. குழாய் கருப்பு இரும்புதான். ஜி.ஐ. குழாயின் மேலிருக்கிற துத்தநாகம் சூட்டில் ஆவியாகும், அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். பழைய இரும்புக் கடையில் வெள்ளையாகப் பளபளக்கிற எதையும் நான் நெருப்பில் வைப்பதில்லை.

கரிக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய்க் களங்கள். தேங்காய்த் தொட்டி (சிரட்டை) மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. தொட்டிக்கரி கெட்டியானது, பற்றுவதற்குள் பொறுமை போய்விடும். காற்றும் கூடுதலாகக் கேட்கும். பிடித்துக்கொண்டால் கைப்பிடிக் கரியில் ஒரு கூடை வேலாங்கரியின் (வேலமரக் கரி) சூடு. வேலாங்கரியை மூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

காற்றுக்குச் சின்ன புளோயர். அது ஒரே வேகத்தில்தான் ஓடும், அதனால் குழாயின் நடுவில் ஒரு தகட்டுக் கதவு வைத்துக் காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறேன். மின்சாரம் வீட்டு லைனிலிருந்து. கிணற்று மோட்டாருக்கு வருவது இலவச விவசாய இணைப்பு, அதிலிருந்து பட்டறைக்கு ஒயர் இழுப்பது தப்பு. “அதுலயே மாட்டிக்கலாமுங்” என்று யோசனை சொல்ல ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள்.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

இரண்டு குறடு அடித்தேன். 12 மில்லி கம்பி, 14 அங்குலக் கை. ஒன்று பட்டைக்கு, ஒன்று உருண்டைக் கம்பிக்கு. அடித்ததைவிட வாய் பொருந்த வைக்கத்தான் நேரம் போனது. பிடிக்கிற இரும்பின் கனத்துக்கு வாய் இணையாக நிற்காவிட்டால் அடிக்கும்போது துண்டு பறந்து வரும்.

மேல் சட்டை பருத்திதான். பனியன் கம்பெனியில் வேலை செய்பவனுக்கு இது தெரியாமல் இருக்குமா! பாலியஸ்டர் கலந்த துணி மேல் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி கருகித் துளை விழும், அவ்வளவுதான். கம்பெனியில் கழிவில் வந்த நூறு சதம் காட்டன் பனியன் ஒரு கட்டு இப்போது பட்டறைச் சீருடை.

ஜனவரி 16, வெள்ளி

பட்டிப் பொங்கல். உலை மூட்டவில்லை. தொண்டுபட்டியில் தெப்பக்குளம் கட்டி, கிடாரியை மிதிக்க விட்டு, பொங்கல் வைத்தோம். சுத்தியலுக்கும் குறட்டுக்கும் அம்மா தானாகவே மஞ்சள் வைத்துவிட்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

மானாவாரிச் சோளம் முற்றிவிட்டது. சோளத்தட்டு அறுப்புக்கு ஒரு அருவாள் நானே அடித்துத் தருகிறேன் என்று சொன்னதற்கு அம்மா, “எதுக்கு சாமி, சந்தையில தான் கெடைக்குதல்லொ” என்றாள். சந்தையில் கிடைப்பது எனக்கும் தெரியும்.

ஒரு வேனின் ஸ்பிரிங் பட்டை. இதில் கரிமம் 0.6 சதத்தை ஒட்டி இருக்கும், தொவச்சல் (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) நன்றாக ஏறும். பழைய பட்டையை எடுத்தால் முதலில் துருவைத் தேய்த்து வெடிப்பு தேட வேண்டும். வருஷக்கணக்காகப் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்ததில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். அதன் மேலேயே அருவாள் அடித்தால் எல்லாம் முடிந்து கடைசியில் தொவச்சலில் பிளக்கும். நல்ல பாகமாகப் பார்த்து ஒரு அங்குல அகலத்துக்கு நீளவாக்கில் அறுத்தெடுத்தேன்.

அருவாள் அடிப்பதில் உள்ள சூட்சுமம் வளைவு. கூர் இருப்பது உள்வளைவில். கூர்ப்பக்கத்தை மெலியத் தட்டத் தட்ட அந்தப் பக்கம் நீளும். நீண்டால் வளைவு விரிந்து அருவாள் நிமிரப் பார்க்கும். அதனால் முதலில் வேண்டியதைவிட நன்றாக இறுக்கி வளைத்துவிட வேண்டும். பிறகு உள்பக்கம் தட்டத் தட்ட அது தானாகத் திறந்து சரியான வளைவுக்கு வந்து நிற்கும். அறுப்புக்கு வரும் கொத்துக்காரர்கள் கையில் இருக்கிற பழைய அருவாளை அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டி வைத்து, ஒவ்வொரு சூட்டுக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். சிவப்பு மங்கினால் சுத்தியலை நிறுத்திவிட வேண்டும். ஆறின எஃகை அடிப்பது வெடிப்பை அழைப்பது.

கருக்கு வெட்டவில்லை. நெல்லுக்கும் புல்லுக்கும் பல் வேண்டும், சோளத்தட்டுக்கு வழுவழுப்பான கூர் போதும். கல்லில் தீட்டிக்கொள்ளலாம்.

கடைசியில் செம்மஞ்சளுக்குக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் குறைந்த சூட்டுக்குக் காய்ச்சி ஆறவிட்டு வைத்தேன். அடியில் ஏறின இறுக்கம் இறங்கும், உள்மணியும் பொடியாகும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். சென்னிமலைப் பக்கம் வண்டி நகரவில்லை. நொய்யல் கரையோரமாகக் கொடுமணலுக்குப் போய்விட்டு வந்தேன். பார்ப்பதற்கு அங்கே தோட்டமும் மேட்டுக்காடும்தான். ஆனால் 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் இதே மண்ணுக்குள்ளிருந்து இரும்பு உருக்கிய உலைகள், கிட்டம், எஃகு காய்ச்சிய மூசைகள் (களிமண் குடுவைகள்) வெளியே வந்தன. மணிக்கல் வேலையும் நடந்திருக்கிறது.

மூசை எஃகின் வேலை எளிமையாகச் சொன்னால் இதுதான். தேனிரும்பு என்கிற கரிமம் குறைந்த இரும்புத் துண்டையும் மரச்செதிள், இலை போன்றதையும் களிமண் மூசையில் அடைத்து வாயை மூடி ஊதுவது. உள்ளே கரிமம் இரும்பில் ஏறும், ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்கும், உருகி ஒரு கட்டியாக உறையும். அந்தச் சூட்டை வெறும் துருத்தியால் எட்டியிருக்கிறார்கள். என் புளோயரைத் தகட்டுக் கதவு முழுக்கத் திறந்து ஓட்டினாலும் நான் அதற்குத் துணிய மாட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தொவச்சல். தண்ணீர் வேண்டாம் என்று முன்பே முடிவு. இந்த ரக எஃகு மெல்லிய அலகாக இருக்கும்போது தண்ணீரில் விட்டால் கோணும், வெடிக்கும். எஞ்சின் ஆயில் புகை நெஞ்சுக்கு ஆகாது. செக்கில் அடிமண்டியாக நின்ற கடலெண்ணெயைக் கேட்டு வாங்கி, உயரமான தகர டின்னில் ஊற்றினேன். பக்கத்திலேயே மூடி, எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடுவதற்கு. காய்ந்த கம்பியொன்றை விட்டுக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே கொண்டுவந்தேன். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து சூட்டை மெதுவாகத்தான் வாங்கும்.

பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். விட்ட பிறகு இன்னும் கொஞ்சம் நிறம் ஏறவிட்டு, அலகு முழுக்க ஒரே நிறமா என்று பார்த்து, நுனி முதலாக நேராக எண்ணெயில் இறக்கினேன். இடதுவலதாக ஆட்டக் கூடாது, கோணிவிடும். எடுத்து அரத்தை வைத்தால் கண்ணாடி மேல் போல வழுக்கியது.

இந்த நிலையில் கீழே விழுந்தால் ஒடியும். உடனே லேசாகக் காய்ச்சிப் பதம் இறக்க வேண்டும். மேலிருந்த கருப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழுக்கக் காய்ச்சிய தடிக்கம்பி மேல் அருவாளின் முதுகை வைத்தேன். சூடு முதுகிலிருந்து கூருக்கு நிறமாக ஊர்ந்து வருகிறது. முதலில் வெளிர் மஞ்சள், பின்னால் பழுப்பு, அதன் பின்னால் ஊதா, நீலம். கூரில் மஞ்சள் பழுப்பைத் தொடுகிறபோது, ஏறத்தாழ 240 டிகிரி, எண்ணெயில் போட்டு நிறுத்தினேன். முதுகு நீலத்தில் நின்றது. கூர் கடினம், முதுகு வளைந்து கொடுக்கும். இதை எல்லாம் கிழக்கு வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தகரத்து இருட்டில் நின்றுதான் பார்த்தேன்.

பிடி கருவேலங்கட்டை, பித்தளைப் பூண். பிடிக்குள் போகும் வாலைக் காய்ச்சித் துளையில் இறக்கியதும் தானே எரித்து இடம் பண்ணிக்கொண்டது.

வெற்றிலைக் கட்டோடு ஆசாரியாரிடம் காட்டினேன். கட்டைவிரல் நகத்தில் கூரை உரசிப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். “எடை சாஸ்திங். பொம்பளையாளு நாள் முழுக்கப் புடிச்சு அறுக்கோணும்.” முதுகை அரைத்து இளைக்க வைத்தேன். அரைக்கும்போது நொடிக்கொருதரம் தண்ணீரில் நனைக்க வேண்டும், சூடேறினால் பதம் போய்விடும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வெள்ளென ஐந்து பேர் தட்டறுக்க வந்தார்கள். புது அருவாளை யாரும் தொடவில்லை. பழகின அருவாளை யார்தான் விடுவார்கள். ஒன்பது மணி வாக்கில் ஒரு அக்கா பிடி ஆடுகிறது என்று தன்னுடையதைப் போட்டுவிட்டு இதை எடுத்தார். மத்தியானக் கஞ்சிக்கு உட்காரும்வரை திருப்பித் தரவில்லை.

“கூரு நல்லாத்தானுங் இருக்குது தம்பி. புடி ஆம்பளக் கைக்குச் செஞ்சிருக்குதுங்.”

பிடியைச் செதுக்கிக் கொடுத்தேன். அடுத்த காட்டு அறுப்புக்கு இதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டுமாம், காசு தருகிறார்களாம். பட்டை மிச்சம் இருக்கிறது. கரி அரை மூட்டைதான், சனிக்கிழமை காங்கேயம் போக வேண்டும்.