எந்தப் பதிலைக் கவர்னர் பார்ப்பார்?

கருத்துக்கணிப்பில் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பது வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விஷயமாகவே தெரியாது. எங்கள் வேலையில் பாதிச் சண்டை அதில்தான் நடக்கும். அமெரிக்காவின் வடகிழக்கில் வாகன எரிபொருளின் கார்பனுக்கு விலை வைக்கப் பார்த்த டி.சி.ஐ. என்ற திட்டத்தைப் பற்றிய கணிப்பில் நான் பிடிவாதமாக நின்றதும் அதில்தான். திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று முதலில் கேட்போம், பெட்ரோல் விலை ஏறினாலும் ஆதரிப்பீர்களா என்று அப்புறம் கேட்போம் என்றேன். பொதுவானது முதலில், குறிப்பானது பிறகு. விலையை முதலில் சொல்லிவிட்டால் அதன்பின் வருகிற ஒவ்வொரு பதிலிலும் அந்த விலை ஒட்டிக்கொண்டு வரும், அப்புறம் மக்கள் எதற்குப் பதில் சொன்னார்கள் என்றே பிரித்துப் பார்க்க முடியாது. இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தக் கணிப்பில் ஒரு அம்மா எங்களைத் திருப்பிக் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதன் எதிரில் இந்த நியாயம் எதுவும் நிற்க மாட்டேன் என்கிறது. வருஷங்கள் ஆகியும் அது என்னை விடவில்லை.

அது 2021 வசந்த காலம். கொரோனா என்பதால் கேள்வி கேட்பவர்கள் அவரவர் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் எங்கள் வீட்டிலிருந்து நடுநடுவே அழைப்புகளை ஒட்டுக்கேட்போம், தரம் பார்ப்பதற்காக. கேட்கலாம், பேசக் கூடாது. அன்று பேசிக்கொண்டிருந்தவர் கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதி நேரமாக எங்களிடம் வேலை பார்த்த பையன், நிதானமானவர், கேள்வியை எழுதியது எழுதியபடி வாசிப்பார். மறுமுனையில் மாசசூசெட்ஸின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அம்மா, ஊரைச் சொல்வது முறையில்லை. வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நாள் முழுக்க வண்டிதான்.

திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்றதும் ஆமாம் என்றார். யோசித்துச் சொன்ன ஆமாம்தான் அது. பேரனுக்கு ஆஸ்துமா, இந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை, அமெரிக்காவிலேயே ஆஸ்துமாவோடு வாழ மிகக் கடினமான நகரம் என்ற பட்டியலில் 2018-லும் 2019-லும் முதலிடத்தில் இருந்தது அந்தப் பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்டுதான். அடுத்து நான் எழுதிய இரண்டாவது கேள்வி வந்தது, ஒரு காலன் பெட்ரோலுக்கு 5 முதல் 9 சென்ட் வரை விலை உயரக்கூடும் என்றாலும் ஆதரிப்பீர்களா? "அப்படியா, அப்போ வேண்டாம்" என்றார். அடுத்த கேள்வி, அந்தப் பணம் பேருந்துக்கும் ரயிலுக்கும் மின்வண்டிகளுக்கும் செலவிடப்பட்டால்? "எங்கள் ஊருக்குப் பேருந்து வருமா?" என்று கேட்டார். பையனிடம் அதற்குப் பதில் இல்லை, இருந்தாலும் சொல்லக் கூடாது, கேள்வியைத் திரும்ப வாசிக்கலாம் அவ்வளவுதான். திரும்ப வாசித்தார். அந்த அம்மா கொஞ்சம் பொறுத்து, "வந்தால் சரி, வராவிட்டால் இல்லை" என்றார். அதற்குத் தாளில் கட்டம் கிடையாது.

அப்புறம்தான், மாநில அரசை நடத்தும் கவர்னரைப் பற்றிக் கேட்டார். "இப்போ மூணு பதில் சொல்லிட்டேன். இதில் எதைக் கவர்னரிடம் கொடுப்பீங்க?"

எல்லாப் பதிலும் பதிவாகும் என்றார் பையன். அதுதான் நாங்கள் சொல்லிக்கொடுத்த பதில்.

"அது தெரியுது. எதை அவர் பார்ப்பார்னு கேட்கிறேன்."

பையன் நன்றி சொல்லி வயது, வருமானம் பக்கத்துக்குப் போய்விட்டார். விதிப்படி சரி. நான் ஒலியை அணைத்து வைத்திருந்தேன், பேசியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

திட்டம் என்னவென்று இதைப் படிக்கிற பலருக்கும் தெரிந்திருக்கும், நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன். வாகனங்களின் எரிபொருளிலிருந்து வரும் கார்பனுக்கு மொத்தமாக ஒரு உச்சவரம்பு. பெட்ரோல், டீசலை மொத்தமாக வழங்கும் நிறுவனங்கள் அந்த வரம்புக்குள் அனுமதிகளை ஏலத்தில் எடுக்க வேண்டும், வரம்பு வருஷாவருஷம் சுருங்கும், ஏலப் பணம் மாநிலங்களுக்கு வரும். மின்நிலையங்களுக்கு இதே மாதிரி ஒரு ஏற்பாடு வடகிழக்கு மாநிலங்களில் 2009 முதல் நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றித் தெருவில் யாரும் பேசுவதுகூட இல்லை. போக்குவரத்துக்கு அதைக் கொண்டுவருகிறோம் என்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பேசிப் பேசி, கடைசியில் 2020 டிசம்பரில் கையெழுத்துப் போட்டது மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், அப்புறம் வாஷிங்டன் டி.சி. மட்டும். நியூ ஹாம்ப்ஷயர் கவர்னர் ஒரு வருஷம் முன்பே கையை விரித்துவிட்டார். 2022-லிருந்து 2032-க்குள் உமிழ்வை 26 சதவீதம் குறைப்பது இலக்கு. பணத்தில் குறைந்தது 35 சதவீதம், மாசும் புறக்கணிப்பும் அதிகமாகப் பட்ட பகுதிகளுக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது.

அந்த 35 சதவீதம்தான் எனக்கு உறுத்துகிறது. ஒப்பந்தத்தில் சதவீதம் இருந்தது, எந்த ஊருக்கு எந்தப் பேருந்து என்பது இல்லை, அந்தக் கட்டத்தில் இருக்கவும் முடியாது. விலை பற்றிய பக்கம் மட்டும் சென்ட் கணக்கில் துல்லியமாக இருந்தது. ஆக நான் எழுதிய கேள்வித்தாளில் இழப்புக்கு ஒரு எண், பலனுக்கு ஒரு பொதுவான வாக்கியம். இது நானாகச் செய்தது இல்லை, இருந்த தகவலே அப்படி. இல்லாத பேருந்தை நான் கேள்வியில் ஓட்டியிருந்தால் அது கருத்துக்கணிப்பு இல்லை, பிரச்சாரம். அப்படிச் சொல்லிக்கொண்டாலும், கேட்டவிதத்திலேயே தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு, ஏனென்றால் முதல் கேள்வி திட்டத்துக்குச் சாதகமாகச் சாய்ந்தது, இரண்டாவது எதிராக.

அலுவலகத்தில் என் மேலதிகாரி வேறு மாதிரி வாதாடினார். அவருக்கு 2014 நினைவில் இருந்தது. மாசசூசெட்ஸில் 2013-ல் பெட்ரோல் வரியை 21 சென்டிலிருந்து 24-க்கு ஏற்றி, இனிமேல் விலைவாசியோடு சேர்ந்து அதுவே ஏறும் என்று சட்டம் போட்டார்கள். அடுத்த வருஷ நவம்பரில் அந்தத் தானாக ஏறும் பகுதியை மக்கள் வாக்களித்து நீக்கிவிட்டார்கள், நீக்கச் சொன்னவர்கள் ஏறக்குறைய 53 சதவீதம். இத்தனைக்கும் சில்லறைக் காசு. "போனில் கேட்டால் காற்று சுத்தமாக இருக்கணும் என்பார்கள், வாக்குச்சீட்டில் விலை மட்டும்தான் தெரியும், அதனால் விலையை முதலில் கேள், அதுதான் நேர்மை" என்றார். வாக்குச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படிக் கேட்பது ஒரு நேர்மை, மனதில் என்ன இருக்கிறதோ அதைக் கலக்காமல் எடுப்பது இன்னொரு நேர்மை என்று நான் சொன்னேன். பதில் சொல்பவர்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியிடம் ஒரு வரிசையிலும் மறு பாதியிடம் மற்ற வரிசையிலும் கேட்கலாம் என்று கேட்டுப் பார்த்தோம், அதற்கான பணம் இல்லை என்றார்கள். கடைசியில் என் வரிசைதான் போனது.

அறிக்கையில் எல்லா எண்களும் இருந்தன. முதல் கேள்வியில் நல்ல பெரும்பான்மை, விலை சொன்னதும் சரிவு, பேருந்து என்றதும் கொஞ்சம் மீட்சி. கணிப்பு செய்யச் சொன்னவர்கள், அவர்கள் திட்டத்தை ஆதரிப்பவர்கள், முதல் எண்ணை எடுத்துத் தலைப்பில் போட்டார்கள். பொய் இல்லை, எண்ணை யாரும் திருத்தவும் இல்லை. எதிர்த்தவர்களோ அதைத் திட்டம் என்று சொன்னதே இல்லை, பெட்ரோல் வரி என்றுதான் சொன்னார்கள், அந்தப் பெயரே கேள்வியின் இரண்டாம் பாதியை முதலில் கேட்டுவிடுகிறது. அந்த அம்மாவின் 'ஆமாம்' ஒரு மேடையில் போனது, 'வேண்டாம்' இன்னொரு மேடையில் போயிருக்கும். 'வந்தால் சரி' எங்கேயும் போகவில்லை. உண்மையில் கொள்கை வகுப்பவர்களுக்கு உபயோகமான பதில் அந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். அவர் கேட்டது நிபந்தனை, நாங்கள் சேகரித்தது ஆதரவும் எதிர்ப்பும்.

அந்த 2021-லேயே நவம்பர் வந்தது. நாட்டின் சராசரி பெட்ரோல் விலை முந்தைய வருஷம் அதே மாதம் 2 டாலருக்குச் சற்று மேலே இருந்தது, இப்போது 3.40 பக்கம். கனெக்டிகட் கவர்னர் நெட் லமாண்ட், விலை அடிமட்டத்தில் இருந்தபோதே சட்டமன்றத்தில் இதை நகர்த்த முடியவில்லை, இவ்வளவு ஏறியபின் எப்படி என்ற பொருள்படப் பேசிப் பின்வாங்கினார். இரண்டே நாளில் மாசசூசெட்ஸ் கவர்னர் சார்லி பேக்கரும் விலகினார், பல மாநிலங்கள் சேர்ந்தால்தான் செய்வோம் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னோம் என்றது அவர் அலுவலகம். அத்தோடு முடிந்தது.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் இருக்கிறது. 1 டாலருக்கு மேல் விலை ஏறியது, அந்தப் பணத்தில் ஒரு சென்ட்கூட எந்த ஊர்ப் பேருந்துக்கும் போகவில்லை, ஆனால் 9 சென்ட் தாங்க முடியாத சுமை என்று சொல்லித் திட்டத்தை மூடினார்கள். வருஷம் 12,000 மைல் ஓட்டுகிற, காலனுக்கு 25 மைல் தருகிற வண்டிக்கு 480 காலன். 5 முதல் 9 சென்ட் என்றால் 24-லிருந்து 43 டாலர். இதை நான் அப்போதே கணக்குப் போட்டு மேலதிகாரியிடம் காட்டினேன், கேள்வியில் சென்ட் கணக்குக்குப் பதில் வருஷக் கணக்கைக் கொடுத்திருக்கலாமோ என்று. அவர் சொன்னது: "யாரும் வருஷத்துக்கு ஒருமுறை பெட்ரோல் போடுவதில்லை." அதுவும் சரிதான். அந்த அம்மாவைப் போல வண்டியிலேயே பிழைப்பு நடத்துபவர் இதைவிட அதிகம் ஓட்டுவார், மணிக்கூலிக்கு ஓட்டுவார், ஏற்கெனவே 1 டாலர் ஏறியிருக்கும்போது இன்னும் 9 சென்ட் என்பது அவருக்கு 9 சென்டாகத் தெரியாது. வீட்டிலிருந்து மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டு 43 டாலர்தானே என்று நான் சொல்வதில் ஒரு சுலபம் இருக்கிறது.

மக்கள் கருத்து இப்படித்தான், விலை என்றதும் ஓடிவிடும் என்ற முடிவுக்கு வந்து கொஞ்ச காலம் அதிலேயே இருந்தேன். அதற்குள் வாஷிங்டன் மாநிலம் (டி.சி. இல்லை, மேற்குக் கரையில் இருப்பது) வந்து அதைக் கலைத்தது. அங்கே கார்பனுக்கு விலை வைக்கும் யோசனையை 2016-லும் 2018-லும் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். பிறகு 2021-ல் சட்டமன்றம் தானாகவே சட்டம் போட்டது, 2023-ல் ஏலம் தொடங்கியது, வாகன எரிபொருளும் அதில் அடக்கம், பெட்ரோல் விலையைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. 2024 நவம்பரில் அதை ரத்து செய்யலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். இரண்டு முறை மறுத்த அதே மாநிலம்! ஸ்டாக்ஹோமிலும் இப்படித்தான், 2006-ல் நகரத்துக்குள் வந்துபோகும் வண்டிகளுக்கான நெரிசல் கட்டணத்தை ஏழு மாதம் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் மக்களிடம் கேட்டார்கள், நடத்துவதற்கு முன் எதிர்த்த நகரம் அதன்பின் ஆதரித்தது.

அப்படியென்றால் நாங்கள் 2021-ல் அளந்தது என்ன? கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றிப் போனில் பத்து நொடியில் சொன்ன பதில்களை. அதை வைத்து ஆதரவு இருக்கிறது என்று ஒரு தரப்பும், ஆதரவு இல்லை என்று இன்னொரு தரப்பும் முடிவு கட்டின. கேட்காமலேயே செய்திருக்க வேண்டும் என்று சொல்ல வருகிறேனா? கருத்தைக் கேட்டுச் சம்பாதிக்கிற நான் அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் விரும்பவில்லை. கேட்காமல் எரிபொருள் வரியை ஏற்றியபோது பிரான்சில் 2018-ல் மஞ்சள் மேலங்கி போட்ட போராட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், அவர்களிலும் பேருந்து வராத ஊர்க்காரர்கள் நிறைய. ஸ்டாக்ஹோமில்கூட நகரத்துக்குள் இருந்தவர்கள்தான் ஆதரித்தார்கள், சுற்றியுள்ள நகராட்சிகளில் தனியாக வாக்கெடுப்பு நடந்த இடங்களில் பெரும்பாலும் எதிர்ப்புதான். அந்த அம்மா ஸ்டாக்ஹோமில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்று யோசிக்கிறேன், சுற்றியுள்ள ஊர்களில்தான் இருந்திருப்பார்.

அதனால் வாஷிங்டன் உதாரணத்தை எடுத்துக்காட்டி, முதலில் செய், பிறகு மக்கள் வந்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்லும்போது நான் தலையாட்டுவதில்லை. பாதி நாள் அது சரி என்றுதான் படுகிறது. மீதி நாள், எதைக் கவர்னர் பார்ப்பார் என்று கேட்டவருக்கு, அவர் எதையும் பார்க்கத் தேவையில்லை என்பதையா பதிலாகக் கொடுப்பது என்று தோன்றுகிறது.

வேலையில் மாறியது ஒன்றுதான். பொதுக் கேள்வியை முதலில் வைப்பதை நான் விடவில்லை. ஆனால் ஆம், இல்லை என்ற கட்டங்களுக்குக் கீழே, எது நடந்தால் உங்கள் பதில் மாறும் என்று திறந்த கேள்வி ஒன்றைச் சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், விலை சொன்னபின் வரும் எண்ணும் முதல் எண்ணும் ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டும் என்றும். திறந்த கேள்விக்கு நேரம் அதிகம், பதில்களைப் படித்து வகைப்படுத்த ஆள் வேண்டும், செலவு. சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒத்துக்கொண்டவர்களும் அந்தப் பதில்களைப் பின்னிணைப்பில்தான் போடுகிறார்கள்.