எங்கள் குழுவுக்கு வங்கிக் கடன் கிடைத்த கதை

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூரில், பன்னிரண்டு பேர் சேர்ந்த மகளிர் குழுவுக்கு நான் ஊக்குநர், அதாவது குழுவை நடத்திச் செல்பவள். சென்ற ஆண்டு வங்கியில் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினோம். கடன் கேட்கப் போகும் மற்ற குழுக்களுக்கு உதவுமே என்று நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்குக் குழு புதிதல்ல. அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே இங்கேதான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைத்தது அப்புறம் 1992-ல். என் அத்தை (மாமியார்) பழைய குழு ஒன்றில் இருந்தவர். சேமிப்பு கட்டாதவளுக்குக் கடன் பேச்சே கிடையாது என்பார்.

நாங்களும் அப்படித்தான். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் கட்டியதில் ஒரு வருடத்தில் 28,800 சேர்ந்தது. சேமிப்பிலிருந்து எங்களுக்குள் கொடுத்துக்கொண்ட உள்கடனின் வட்டி, அரசு தந்த சுழல்நிதி 15,000 எல்லாம் சேர்த்து மூலதனம் 50,000-ஐத் தாண்டியது. முதல் கடனாக மூலதனத்தைப் போல ஆறு மடங்கு கேட்கலாம் என்பது விதி. 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். நூற்றுக்கு மாதம் அறுபது காசுகூட ஆகாது. வாரத் தவணைக்குக் கொடுக்கும் நிதிக் கம்பெனிகள் வருடத்துக்கு இருபது சதவீதத்துக்கு மேல் வாங்குகின்றன. தண்டல்காரர் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

விண்ணப்பம், குழுவின் பான் கார்டு, எல்லோருடைய ஆதார் நகல், போட்டோ இதெல்லாம் அலைச்சல்தான், கஷ்டமில்லை. சிக்கல் வேறிடத்தில் வந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் கணவர் அதே கிளையில் டிராக்டர் கடன் வாங்கித் தவணை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டரில் அதைப் பார்த்த மேனேஜர், அந்த உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு வாங்க என்றார். சேமிப்பில் பாதியை வைப்புத்தொகையாகப் போடவும் சொன்னார்.

கணவர் கட்டாததற்கு மனைவியை நீக்குவது எங்களில் யாருக்கும் சரியாகப் படவில்லை. மகளிர் குழுத் திட்டத்தின் வட்டார அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ அந்த வங்கியில் பாக்கி வைத்திருந்தாலும், குழு பாக்கி வைக்காதவரை குழுவுக்குக் கடன் தரத் தடையில்லை; பாக்கிதாரர் ஆன உறுப்பினருக்கு மட்டும் அந்தப் பணத்தில் பங்கு தரக்கூடாது. 10 லட்சம் வரை ஜாமீன் கேட்கக்கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லவும் கூடாது. இவை எல்லாம் அதில் இருக்கின்றன. கடன் கேட்கப் போகிறவர்கள் இந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

மேனேஜர் படித்துவிட்டு, தீர்மான நோட்டைக் கேட்டார். வெகுநேரம் புரட்டினார். கூட்டத்துக்கு வராதவர்களிடம் வாங்கிய பத்து ரூபாய் அபராதம், கூட்டம் நடத்த முடியாமல் போன ஒரு மழை நாள், என் கையெழுத்து மாறி இன்னொருத்தியின் கோணல் எழுத்து வரும் பக்கங்கள் எல்லாவற்றையும் பார்த்தார். முந்தின இரவு உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய நோட்டுகளை நிறையப் பார்த்திருப்பார் போல. அடுத்த வாரமே கடன் பாஸாகிவிட்டது.

பணம் வந்த பிறகுதான் உண்மையான சண்டை. வழக்கமாக எல்லாக் குழுவும் சமமாகப் பிரித்துக்கொள்ளும். ஆளுக்கு 25,000 வந்தால் கறவை மாடு வாங்க முடியாது, அடகு நகையை மீட்கத்தான் ஆகும். மூன்று பேருக்கு மாட்டுக்கு ஆளுக்கு 55,000, மற்றவர்களுக்குத் தேவையைப் பார்த்துக் குறைவாக என்று நான் சொன்னதும் கத்தல். இரண்டு கூட்டம் பேசித்தான் தீர்மானம் எழுதினோம். டிராக்டர்காரர் மனைவிக்கு எங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்தோம்.

36 மாதத் தவணை, மாதம் 9,300-க்குச் சற்றுக் குறைவு. மாடு பத்து மாதம் கறக்கும், அப்புறம் இரண்டு மாதம் வற்றும். வங்கித் தவணைக்கு வற்றுக்காலம் கிடையாது. ஒருத்தி அந்த இரண்டு மாதத்தை நூறுநாள் வேலைக் கூலியை நம்பிக் கடந்தாள். கூலி தாமதமானபோது குழுதான் ஈடுகட்டியது. பால் பணம் வந்தவர்கள் வீட்டில் வாரக் கடன்காரர் வருவது நின்றுபோனது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 10,000 வாங்கிய கூலிவேலைக்காரிக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வட்டி குறைந்தது, அவ்வளவுதான். கடனை வைத்துச் சம்பாதிக்க நிலமோ மாடோ இல்லாதவரிடம் கடன் மட்டும் என்ன செய்துவிடும்? அவருக்கு வேண்டியது கல்வி உதவித்தொகை.

அடுத்த கடனில் தவணைத் தேதியைப் பால் சொசைட்டி பணம் தரும் நாளுக்கு அடுத்து வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறோம். மேனேஜர் மாறிவிட்டார். புதியவரும் அந்த வைப்புத்தொகைப் பேச்சைத்தான் முதலில் எடுத்தார்.