யார் பக்கத்தில் உட்காரப் போகிறாய்?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் ஒரு தனியார் கல்லூரியில் இயந்திரவியல் டிப்ளோமா மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கடைசி செமஸ்டரில் அவர்கள் போகும் தொழிற்பயிற்சிக்கும் நான்தான் பொறுப்பு. லத்திஹான் இண்டஸ்ட்ரி, சுருக்கமாக எல்.ஐ. என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். இடம் தேடுவது மாணவர்கள் பாடு. கடிதம் கொடுப்பது, கம்பெனியோடு பேசுவது, நடுவில் நேரில் போய்ப் பார்ப்பது, முடிவில் மதிப்பெண் போட்டு கிரெடிட்டைப் பதிவதெல்லாம் என் பாடு.

ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரே கேள்விதான் என் மேசைக்கு வரும். "மிஸ், எந்தக் கம்பெனி நல்லது?" நான் கம்பெனி பெயர் எதையும் சொல்வதில்லை. அங்கே போனால் யார் பக்கத்தில் உட்காரப் போகிறாய், உனக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் யார், அதை முதலில் விசாரித்துக்கொண்டு வா என்று அனுப்பி வைப்பேன். பாதிப் பேருக்கு இது பதிலைத் தட்டிக்கழிப்பது போலத்தான் தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இது ஒன்றுதான். நல்ல பயிற்சி அமைவது கம்பெனியைப் பொறுத்ததல்ல, அங்கே கிடைக்கும் ஓர் ஆளைப் பொறுத்தது.

பெரிய பெயருக்கு ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பினாங்கில் அந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. அதே வருஷம் இன்டெல் வந்தது, பின்னாலேயே மற்ற மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த ஆலைகளின் சம்பளம்தான் கை கொடுத்தது. அம்மாக்கள் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறி, நாள் முழுக்க லைனில் நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பிள்ளை அதே கேட் வழியாக இன்ஜினியரிங் பிரிவுக்குள் நுழைவது சாதாரண விஷயமா? ஒரு மாணவனின் அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். "இவன் அம்மா வேலை செஞ்ச எடம் மிஸ். அந்த டேக்க இவன் கழுத்துல மாட்டிக்கிட்டு வர்றத பாத்துட்டா போதும்" என்றார். கடிதம் கொடுத்தேன். இடமும் கிடைத்தது.

சில வாரம் கழித்து அவனுடைய லாக் புக்கை, அன்றன்று செய்த வேலையை எழுதிவைக்கும் ஏட்டைப் பார்த்தேன். ஃபைல் அடுக்கினேன். ஸ்டிக்கர் ஒட்டினேன். மீட்டிங் அறைக்கு நாற்காலி கொண்டுபோனேன். மறுபடியும் ஃபைல் அடுக்கினேன். வாரம் மாறினாலும் வரிகள் மாறவில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கடிதத்தில் மேற்பார்வையாளர் என்று பெயர் போட்டிருந்த இன்ஜினியர் வேறு பிராஜெக்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு இன்னொருவர் வரவில்லை. இந்தப் பையனுக்கு யாரிடம் போய் நிற்பது என்றே தெரியவில்லை. எல்லாரும் பரபரப்பாக இருக்கும் இடத்தில், தன்னைக் கூப்பிடும்வரை ஓரமாக உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டான். நம் பிள்ளைகளை வீட்டில் அப்படித்தானே வளர்க்கிறோம்.

அதே செமஸ்டரில் நிபோங் திபாலிலிருந்து வந்த ஒரு பெண், புக்கிட் மிஞாக்கில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போயிருந்தாள். முன்னால் கடை, பின்னால் பட்டறை, மேலே குளிரூட்டிய ஒரு ஆய்வு அறை, அவ்வளவுதான் இடம். தவுக்கே, அதாவது முதலாளி, பாதி நாள் வெளியே சுற்றிக்கொண்டிருப்பார். ஆனால் அங்கே மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். மலாய்க்காரர், ஓய்வு பெறும் வயது, எல்லாரும் பாக் சிக், அதாவது மாமா என்று கூப்பிடுவார்கள். அவள் லாக் புக்கில் ஒரு நாளைக்கு எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன் (கேஜ் பிளாக் என்பது அளவுக் கருவிகளைச் சரிபார்க்க வைத்திருக்கும், நீளம் துல்லியமான எஃகுத் துண்டு; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு):

"கேஜ் பிளாக்கை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. வியர்வை பட்டால் துருப் பிடிக்கும், கைச்சூட்டில் நீளும். அறை 20 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த கருவியை உடனே அளக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை மேசையில் விட்டுவைக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் எஃகு ஒரு டிகிரி கூடினால் எவ்வளவு நீளும் என்று பாக் சிக் என்னைக் கணக்குப் போடச் சொன்னார். ஒரு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அவர் தலையாட்டினார். அப்புறம் பிளாக்கைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துவிட்டு அளக்கச் சொன்னார். எண் மாறியது."

வெப்பத்தால் உலோகம் விரியும் கணக்கை அவளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நான்தான். பரீட்சையில் சரியாகவும் எழுதினாள். ஆனால் "எண் மாறியது" என்று அவள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், அந்தப் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது ஏற்படவில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எல்.ஐ.க்குப் போகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் காட்டுகிறேன்.

கிரெடிட் கணக்கையும் சொல்ல வேண்டும். மாணவர்களில் பலர் அது என்னவென்று தெரியாமலே கிளம்பிவிடுகிறார்கள். மலேசியாவில் பொதுவான கணக்குப்படி மாணவர் 40 மணி நேரம் உழைத்தால் ஒரு கிரெடிட். வகுப்பு, சொந்தப் படிப்பு, பரீட்சை எல்லாம் அதில் அடக்கம். தொழிற்பயிற்சியிலோ இரண்டு வாரம் வேலை செய்தால்தான் ஒரு கிரெடிட். பாலிடெக்னிக் டிப்ளோமாவில் 20 வாரத்துக்கு 10 கிரெடிட் என்பது அப்படி வந்ததுதான், எங்கள் கல்லூரியிலும் அதே கணக்கு. இரண்டு வாரம் என்பது எண்பது மணி நேரத்துக்குக் குறையாது. வகுப்பைப் போல இரண்டு மடங்கு நேரம் கொடுத்துத்தான் ஒரு கிரெடிட் வாங்குகிறோம். வேலை இடத்தில் போகிற நேரம் எல்லாமே படிப்பாகிவிடாது என்று கணக்குப் போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் மிச்சமுள்ள பாதியாவது படிப்பாக இருக்க வேண்டும். ஃபைல் அடுக்குவதிலேயே அதுவும் போய்விட்டால், கிரெடிட் ஏறும், பிள்ளைக்கு ஒன்றும் சேராது.

இடம் தேடும்போது எல்லாரும் முதலில் செய்வது, கம்பெனியின் பொது மின்னஞ்சல் முகவரிக்கு ரெசுமேயை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. எங்கள் கல்லூரி மட்டுமா, வட மலேசியாவில் இருக்கிற பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் மாணவர்களை அனுப்புகின்றன. அந்தக் குவியலில் ஒரு கடிதம் எங்கே தெரியப் போகிறது? அதனால் போன் செய்யச் சொல்கிறேன். அதுவும் என் அறையில், என் முன்னால் உட்கார்ந்து. மலாய் எல்லாருக்கும் நன்றாகவே வரும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம் எனக்கு இது வேண்டும் என்று கேட்க வாய் வராது. வரவேற்பில் எடுப்பவரிடம் எச்.ஆர்., அதாவது மனிதவளப் பிரிவு என்று சொன்னால் மின்னஞ்சல் முகவரியைத்தான் கொடுப்பார்கள். பராமரிப்புப் பிரிவு இன்ஜினியரோடு பேச முடியுமா என்று கேட்டால் சில இடங்களில் இணைப்புக் கொடுப்பார்கள். திங்கட்கிழமை காலையில் வேண்டாம், எல்லா இடத்திலும் மீட்டிங் இருக்கும். பேசும்போது, போன தடவை வந்த பயிற்சி மாணவர் என்ன வேலை செய்தார் என்று கேட்கச் சொல்வேன். அந்தப் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். "ஓ, அவனா, கன்வேயர் மோட்டாரைக் கழற்றி மாட்டினான்" என்று சிரித்துக்கொண்டே ஒருவர் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகலாம்.

பணம் விஷயத்தில் நான் மாணவர்கள் பக்கம்தான். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக ஏறியது. டிப்ளோமாவை விட்டுவிட்டு ஆபரேட்டராகப் போனால் அதோடு ஓவர்டைமும் கிடைக்கும். பயிற்சிக்குப் போனால் வருவது அலவன்ஸ் மட்டும், அதுவும் பல இடங்களில் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். ராத்திரி கடையில் வேலை பார்த்து வீட்டுக்குக் காசு கொடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த 20 வாரம் ரொம்பப் பெரிய பாரம். அவர்களிடம் அனுபவம்தான் முக்கியம், அலவன்ஸைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இடமாகத் தேடச் சொல்வேன். பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டு பாலத்திலும் மோட்டார் சைக்கிளுக்கு 2019இலிருந்து டோல் கிடையாது, அந்த அளவுக்கு நிம்மதி. ஆனாலும் மழைக்காலத்தில் இரண்டாம் பாலத்துக் காற்றில் தினமும் ஓட்டிக்கொண்டு போவதற்கு பெருநிலத்திலேயே பத்து காவான் ஊரிலோ பிறையிலோ ஒரு நல்ல பட்டறை மேல்.

அந்தப் பெரிய கம்பெனிப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பார்வையிடும் தேதி வரும்வரை காத்திருக்காமல் நான் நேரில் போனேன். கையில் கொண்டுபோனது ஒரே ஒரு தாள். இந்த 10 கிரெடிட்டுக்கு மாணவர் என்னென்ன செய்திருக்க வேண்டும் என்று கல்லூரி போட்டிருக்கும் பட்டியல் அது. எச்.ஆர். அதிகாரி சீனப் பெண்மணி, பொறுமையாகப் படித்தார். "இதில் எதுவுமே அவன் செய்யவில்லையே" என்று அவரே சொன்னார். கூடவே போனை எடுத்துப் பராமரிப்புப் பிரிவில் பேசினார். அடுத்த வாரத்திலிருந்து அவன் அங்கே ஒரு சீனியர் டெக்னீஷியன் பின்னால் சுற்ற ஆரம்பித்தான். கடைசி அறிக்கையை ஒரு பம்பின் பேரிங் ஏன் திரும்பத் திரும்பக் கெட்டுப்போகிறது என்பதைப் பற்றியே எழுதினான். கம்பெனி அதேதான், கேட்டும் டேக்கும் அதேதான், பக்கத்தில் இருந்த ஆள் மட்டும் மாறினார்.

அதற்குப் பிறகு எங்கள் ஒப்புதல் படிவத்தில் இரண்டு வரி சேர்க்கக் கேட்டு வாங்கினேன். முதல் வரியில் மாணவருக்குத் தினமும் வேலை சொல்லிக்கொடுப்பவர் பெயர், இரண்டாவதில் அவர் இல்லாவிட்டால் யார் என்பது. படிவம் முழுமையாக வந்தால்தான் பயிற்சியைப் பதிவு செய்வேன், பதிவுக்கு முன் செய்த வேலை கிரெடிட்டில் சேராது. சின்னப் பட்டறைகளிலிருந்து மறுநாளே பூர்த்தியாகி வந்துவிடுகிறது. சில பெரிய இடங்களிலிருந்து அந்த இரண்டு வரியும் காலியாகத் திரும்பி வரும். நான் போன் செய்வேன். கொஞ்சம் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, பெயர் வந்துவிடும்.

இன்னும் ஒரு விஷயம், இது தொழில் நடத்துபவர்களுக்கு. பட்டர்வொர்த்திலும் பிறையிலும் புக்கிட் மெர்தாஜத்திலும் நம்மவர்கள் நடத்தும் ஏர்கோன் கடைகள், லேத் பட்டறைகள், லாரி பழுதுபார்க்கும் இடங்கள் எவ்வளவோ இருக்கின்றன. எல்.ஐ. மாணவர் என்றாலே அது பெரிய கம்பெனிக்குரியது என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. டேலண்ட்கார்ப் என்ற அரசு நிறுவனத்தின் வழியாக நடக்கும் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால், மாணவருக்கு ஆகும் செலவுக்கு இரட்டை வரிக்கழிவும் கிடைக்கலாம். உங்கள் கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒரு கைதேர்ந்த ஆள் இருந்தால், பக்கத்தில் இருக்கும் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ போன் செய்து எல்.ஐ. பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். கடிதம், படிவம், காப்புறுதி விசாரணை எல்லாவற்றையும் எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்வோம். அடுத்த கூட்டத்துக்கான கடிதங்கள் விரைவில் போகப் போகின்றன, இடம் கிடைக்காத பெயர்கள் இன்னும் என் பட்டியலில் இருக்கின்றன.